கணக்குத் தெரியாதவன் கட்டிய கோயில்

1066 அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மண்டியின் கோமகன் வில்லியம் வென்றான். ஆங்கிலேய மன்னன் ஹரால்ட் களத்திலேயே மாண்டான். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வில்லியம் வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூடிக்கொண்டான். பள்ளிப் பாடம் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு நடந்த ஒன்றுதான் என்னைப் பல ஆண்டுகளாக விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. வென்று திரும்பிய வீரர்களுக்கு நார்மண்டி ஆயர்கள் அபராதம் விதித்தார்கள். திருத்தந்தையின் தூதராக வந்த எர்மென்ஃப்ரிட், இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள சியோன் நகரத்து ஆயர், அதை உறுதிசெய்தார். அந்த விதிகள் எழுத்தில் இன்றும் கிடைக்கின்றன.

பெரும்போரில் ஒருவனைக் கொன்றேன் என்று அறிந்தவன், கொன்ற ஒவ்வொருவனுக்காகவும் ஓராண்டு தவம் இருக்க வேண்டும். வெட்டினேன், அவன் செத்தானா பிழைத்தானா தெரியாது என்பவனுக்குத் தலைக்கு நாற்பது நாள். வில்லாளிக்குத் தன் அம்பு யார்மேல் தைத்தது என்று தெரிய வழியில்லை. அவன் மூன்று தவக்காலம் அனுசரிக்க வேண்டும். யாரையும் தொடாமல், வெட்ட வேண்டும் என்று மனத்தில் மட்டும் நினைத்தவனுக்கும் மூன்று நாள் உண்டு. ஆதாயத்துக்காக மட்டும் போருக்கு வந்தவன், சாதாரணக் கொலைகாரனுக்கு உரிய அபராதத்தை ஏற்க வேண்டும். இதே போருக்குத் திருத்தந்தை இரண்டாம் அலெக்சாந்தர் கொடி கொடுத்து அனுப்பினார் என்று வில்லியமின் குருவானவர் ஒருவரே எழுதியிருக்கிறார். கொடி கொடுத்த திருச்சபையே, களத்தில் சிந்திய இரத்தத்துக்குக் கணக்கும் கேட்டது.

பட்டியலில் இன்னொரு விதி இருக்கிறது. எத்தனை பேரைக் கொன்றோம், எத்தனை பேரைக் காயப்படுத்தினோம் என்றே தெரியாதவன் என்ன செய்வது? ஆயரின் முடிவுப்படி, உயிர் உள்ளவரை வாரத்தில் ஒரு நாள் தவம் இருக்கலாம். முடிந்தால், ஒரு கோயிலைக் கட்டியோ ஒரு கோயிலுக்கு நிரந்தரமாக மானியம் எழுதிவைத்தோ அந்தப் பாவத்தை மீட்டுக்கொள்ளலாம்.

ஒருவனைக் கொன்றவனுக்கு ஓராண்டு. பத்துப் பேரைக் கொன்றவனுக்குப் பத்தாண்டு. கணக்கே தெரியாத அளவுக்குக் கொன்றவனுக்கு, கையில் பணமும் இருந்தால், ஒரு கோயில். இங்கிலாந்தின் மிக அழகான கட்டடங்கள் சிலவற்றுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் இந்த விதி நினைவுக்கு வருகிறது. கல்லால் இரத்தக்கடன் தீருமா? இதுதான் என் கேள்வி. இதை வரலாற்றுக் கேள்வியாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. நான் ஞாயிறுதோறும் பூசைக்குப் போகிறவன். இது என் விசுவாசத்தைத் தொடும் கேள்வி.

பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவன் நான். பொதுப்பணித் துறையில் கட்டடப் பொறியாளனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். மகள் இங்கிலாந்தின் வடக்கே டர்ஹாம் நகரில் செவிலியாக இருக்கிறாள். அவளோடு தங்கும் மாதங்களில்தான் இந்தக் கோயில்களைச் சுற்றிப் பார்க்கும் பழக்கம் வந்தது. தூண், வளைவு, அஸ்திவாரம் என்று பார்த்துப் பழகிய கண். ஞானோபதேச வகுப்பில் பழகிய மனம். இந்த இரண்டும் இந்தக் கட்டடங்களுக்குள் ஒத்துப்போவதில்லை.

ஞானோபதேசத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு முதலில் பாவங்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு மனஸ்தாபம், பிரதிக்கினை, குருவானவரிடம் சொல்லுதல், அபராதம் தீர்த்தல். குருவானவர் தட்டிக்கு அப்பால் இருந்து, எத்தனை தடவை என்று கேட்பார். எண்ணிக்கை சொல்லித்தான் ஆக வேண்டும். இன்னொன்றும் சொல்லித் தந்தார்கள்: எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்பு நிறைவாகாது.

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் பக்கத்து வயல்காரருடைய வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் தள்ளிவைத்திருந்தார். ஊருக்கே தெரிந்த விஷயம். அவர் ஒரு நாள் பங்குச் சாமியாரிடம் வந்து, "சாமி, கோயிலுக்கு ஒரு பெரிய மணி வாங்கித் தாரேன்" என்றார். சாமியார் சொன்ன பதில் இவ்வளவுதான்: "மொதல்ல வரப்ப இருந்த எடத்துல வையும். மணிய பெறவு பாத்துக்கிடலாம்." வரப்பு நகர்ந்ததா என்பது இங்கே முக்கியமில்லை. எந்தக் கடனை எந்தக் கணக்கில் செலுத்தக் கூடாது என்பதில் அந்தச் சாமியாருக்கு இருந்த தெளிவு, அரசர்களுக்கு அபராதம் விதித்த ஆயர்கள் பலருக்கு இருக்கவில்லை.

ஹேஸ்டிங்ஸ் போர் நடந்த மேட்டில் வில்லியம் ஒரு துறவிமடம் கட்டினான். அதைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு இன்றும் பேட்டில், அதாவது போர், என்றுதான் பெயர். ஹரால்ட் விழுந்து இறந்த இடத்திலேயே தலைமைப் பீடம் அமைய வேண்டும் என்பது மன்னன் கட்டளை. பிரான்சின் மார்மூத்தியே மடத்திலிருந்து வந்த துறவிகள் அந்த இடத்தைப் பார்த்துத் தயங்கினார்கள். மேட்டு நிலம், தண்ணீர் இல்லை, சரிவு அதிகம். மேற்கே கொஞ்சம் தாழ்வான இடத்தில் வேலையைத் தொடங்கியும்விட்டார்கள். மன்னன் கேள்விப்பட்டதும் கோபப்பட்டு, சொன்ன இடத்திலேயே கட்ட வேண்டும் என்று ஆணையிட்டான். கல் போதாது என்றபோது நார்மண்டியின் கான் நகரத்திலிருந்து கப்பலில் கொண்டுவரச் செலவு தருவதாகச் சொன்னான். பிறகு பக்கத்திலேயே கல் கிடைத்துவிட்டது. மடத்துத் துறவிகள் ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதிவைத்த கதை இது.

அந்தச் சரிவை நான் நடந்து பார்த்திருக்கிறேன். எந்தப் பொறியாளனும் விரும்பித் தேர்ந்தெடுக்கிற மனை அல்ல. துறவிகளின் படுக்கைக் கூடத்துக்குக் கீழே உள்ள அறைகள் இன்றும் நிற்கின்றன. நிலம் தெற்கே இறங்க இறங்க, மேல்தளத்தை மட்டமாக வைப்பதற்காக ஒவ்வொரு அறையும் முந்தையதைவிட உயரமாகிக்கொண்டே போகிறது. கடைசி அறையின் வளைவு தலைக்கு மேல் வெகு உயரத்தில் நிற்கிறது. மனையின் குறையை அழகாக மாற்றிய வேலை அது. அதைச் செய்த கொத்தனார்களை மனமாரக் கும்பிடலாம். கோயில்தான் இல்லை. 1538-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் மடம் கலைக்கப்பட்டது, கோயிலை இடித்துவிட்டார்கள். ஹரால்ட் விழுந்ததாகச் சொல்லப்படும் இடத்தை இப்போது தரையில் ஒரு கல் காட்டுகிறது.

அந்தப் பீடம் எதற்காக? வில்லியம் இறந்தபோது ஆங்கிலேய நாளாகமம், இங்கிலாந்தை வெல்ல ஆண்டவர் அவனுக்கு அருள்செய்த இடத்தில் ஒரு பெரிய மடம் கட்டினான் என்று எழுதியது. அப்படியானால் அது நன்றிக்கடன். அபராத விதிகளோடு வைத்துப் பார்த்தால் அது பரிகாரம். இரண்டும் ஒரே கல்லில் இருக்க முடியுமா? செய்ததற்காக வருந்துகிறேன் என்பதும், செய்ய முடிந்ததற்காக நன்றி சொல்கிறேன் என்பதும் ஒரே வாயில் வரும் இரண்டு செபங்கள். இரண்டாவது செபம் முதலாவதை அழித்துவிடுகிறது. உண்மையாக வருந்துகிறவன், அந்த வெற்றி தனக்குக் கிடைக்காமல் இருந்திருக்கலாம் என்று ஒரு கணமாவது நினைக்க வேண்டும். பேட்டில் மேட்டில் அந்த நினைப்பின் தடயத்தை நான் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை.

வேதாகமத்தில் தாவீது அரசருக்கு இதே ஆசை வந்தது. கேதுரு மர அரண்மனையில் தாம் இருக்க, ஆண்டவருடைய பேழை கூடாரத்தில் இருக்கிறதே என்று வருந்தி, கோயில் கட்ட நினைத்தார். ஆண்டவர் மறுத்தார். குறிப்பேட்டு நூல் அதற்குச் சொல்லும் காரணம், அவர் மிகுந்த இரத்தம் சிந்தியவர் என்பது. அவர் நடத்திய போர்கள் ஆண்டவரின் துணையோடு நடந்தவை என்று அதே வேதாகமம்தான் சொல்கிறது. இருந்தும் அவர் கை கோயில் கட்டக் கூடாது. கட்டும் வேலை சாலமோனுக்குப் போனது. நார்மண்டி ஆயர்கள் இந்தப் பகுதியை அறியாதவர்கள் அல்லர். அறிந்தும், கையில் மிகுதியான இரத்தம் உள்ளவனிடமே கோயில் கட்டு என்றார்கள். தாவீதுக்கு மூடிய கதவை வில்லியமுக்குத் திறந்துவிட்டார்கள்.

வில்லியம் ஏற்கெனவே இந்த வழியில் ஒரு முறை நடந்தவன். பிளாண்டர்ஸ் நாட்டு மட்டில்டாவை அவன் மணப்பதற்கு 1049-இல் ரேம்ஸ் நகரில் கூடிய சங்கம் தடை விதித்தது. தடையை மீறி மணம் நடந்தது. பிறகு திருச்சபை அதை ஏற்றுக்கொண்டபோது, பரிகாரமாகக் கணவனும் மனைவியும் கான் நகரில் ஆளுக்கொரு மடம் கட்டினார்கள். ஆண்களுக்கான மடம் புனித முடியப்பர் பெயரில். பெண்களுக்கான மடம் மூவொரு இறைவன் பெயரில். மட்டில்டாவின் கோயில் 1066 ஜூன் 18 அன்று நேர்ந்தளிக்கப்பட்டது. படையெடுப்புக்குச் சில மாதங்களுக்கு முன் நடந்த அந்தச் சடங்கில், தங்கள் மகள் சிசிலியாவை, சிறுமியாக இருந்தவளை, அந்த மடத்துக்கே காணிக்கையாகக் கொடுத்தார்கள்.

புனித முடியப்பர் கோயிலின் முகப்பை முதலில் பார்ப்பவருக்கு அது வெறுமையாகத் தெரியும். மூன்று வாயில்கள், அவற்றுக்கு மேலே வரிசையாகச் சாளரங்கள், நான்கு கனத்த முட்டுச்சுவர்கள், இரண்டு கோபுரங்கள். சிற்பம் என்று சொல்ல அநேகமாக ஒன்றுமில்லை. அளவுகளின் ஒழுங்கு ஒன்றே அதன் அழகு. கோபுரங்களின் உச்சிக்கூம்புகள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. இரட்டைக் கோபுரமும் மூன்று வாயிலும் கொண்ட இந்த அமைப்பு, பின்னால் பிரான்சின் பெரிய கோத்திக் பேராலயங்களுக்கு முன்மாதிரியாயிற்று. இந்த மடத்தின் முதல் அதிபர் லான்ஃப்ராங்க். வில்லியம் அவரை 1070-இல் கான்டர்பரியின் பேராயர் ஆக்கினான். அங்கே அவர் எழுப்பிய பேராலயம் கான் கோயிலின் அமைப்பைத் தழுவியது.

1087 செப்டம்பர் 9 அன்று ரூவான் நகருக்கு வெளியே வில்லியம் இறந்தான். உடலைக் கான் நகருக்குக் கொண்டுவந்து, தான் கட்டிய அந்தக் கோயிலிலேயே அடக்கம் செய்ய ஏற்பாடு நடந்தது. அங்கே நடந்ததை ஆர்டெரிக் விடாலிஸ் என்ற துறவி எழுதியிருக்கிறார். எவ்ரோ நகரத்து ஆயர் மறையுரை ஆற்றினார். மன்னரின் பெருமைகளைச் சொன்னார். முடிவில், இவர் உங்களில் யாருக்காவது தீங்கு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். கூட்டத்திலிருந்து அசெலின் என்ற ஒருவன் எழுந்து நின்றான். இந்த இடம் என் தகப்பன் வீட்டு மனை, நீங்கள் யாருக்காகச் செபிக்கிறீர்களோ அவர் இதை என் தகப்பனிடமிருந்து பலவந்தமாகப் பறித்து இந்தக் கோயிலைக் கட்டினார், என் நிலத்தில் அவரைப் புதைக்கக் கூடாது என்று ஆண்டவர் பெயரால் தடுக்கிறேன் என்றான். அக்கம்பக்கத்தார் அவன் சொல்வது உண்மை என்று சாட்சி சொன்னார்கள். அங்கிருந்த ஆயர்களும் பிரபுக்களும் கூடிப் பேசி, குழிக்கான இடத்துக்கு அறுபது சில்லிங் கொடுத்து, மீதி நிலத்துக்கும் உரிய விலை தருவதாக வாக்களித்தார்கள். அதற்குப் பிறகே அடக்கம் நடந்தது.

இதை முதலில் வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பரிகாரத்துக்காகக் கட்டிய கோயிலே பறித்த மனையில் நின்றது. ஆயர் மன்னிப்புக் கேட்டது பொதுவாக. பதில் வந்ததோ குறிப்பாக, பெயரோடு, எல்லையோடு. ஆண்டவருக்கு என்று கொடுத்த காணிக்கைக்குள் ஒரு மனிதனின் வீடு இருந்திருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதே தரையில் துறவிகள் தினமும் சங்கீதம் பாடியிருக்கிறார்கள். அசெலின் குடும்பத்தின் கடன் அதனால் குறையவில்லை. சட்டத்தின் முன் ஒரு கடனையும், ஆண்டவரின் முன் இன்னொரு கடனையும் தனித்தனியே வைக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு, இரண்டும் ஒன்றுதான் என்று அந்தச் சாமானியன் சொல்லிக்கொடுத்தான். பீடத்தின் முன் காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு உறவாடு என்று இயேசு மலைப்பொழிவில் கற்பித்ததும் இதைத்தான்.

அசெலினாவது எழுந்து பேச உயிரோடு இருந்தான். வடக்கு இங்கிலாந்தில் பேச யார் இருந்தார்கள்?

1069 ஜனவரியில் டர்ஹாமுக்கு வில்லியம் அனுப்பிய பிரபு ராபர்ட் தெ கோமினை ஊர்மக்கள் அவனுடைய ஆட்களோடு சேர்த்துக் கொன்றுவிட்டார்கள். அதைத் தொடர்ந்து யார்க் நகரிலும் கிளர்ச்சி எழுந்தது. அந்த ஆண்டின் இறுதிக் குளிர்காலத்தில் மன்னன் வடக்கே வந்தான். விளைச்சல், கால்நடை, கலப்பை, சேமித்த தானியம் எல்லாவற்றையும் கொளுத்தச் சொன்னான். 1069 கிறிஸ்துமஸை அவன் எரிந்துபோன யார்க்கில் முடியணிந்து கொண்டாடினான். பஞ்சத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் மடிந்தார்கள் என்கிறார் ஆர்டெரிக். எண்ணிப் பார்த்துச் சொன்ன எண் அல்ல அது. எண்ண முடியாத அளவு என்பதைச் சொல்ல அவருக்குக் கிடைத்த எண். வில்லியமைப் பல இடங்களில் புகழ்ந்த அவர், இந்தச் செயலைப் புகழ என்னால் ஆகாது, ஆண்டவர் இதைத் தண்டிக்காமல் விடமாட்டார் என்று எழுதினார்.

பசியால் துரத்தப்பட்ட மக்கள் தெற்கே நடந்து, ஈவ்ஷாம் மடத்து வாசல்வரை வந்து விழுந்தார்கள். மடாதிபதி எத்தெல்விக் முடிந்தவரை சோறு போட்டார். சாப்பிடவும் வலுவின்றி நாள்தோறும் ஐந்தாறு பேர் இறந்தார்கள் என்றும், மடத்தின் துணைத் தலைவர் அவர்களை அடக்கம் செய்தார் என்றும் ஈவ்ஷாம் குறிப்புகள் சொல்கின்றன. கொன்றவர்கள் வைக்காத கணக்கை, புதைத்தவர்கள் வைத்திருந்தார்கள்.

அதே மன்னன் எண்ணத் தெரியாதவன் அல்ல. 1085 கிறிஸ்துமஸில் குளோஸ்டரில் கூடிய அவையில் அவன் இட்ட ஆணையால் உருவானதுதான் டூம்ஸ்டே பதிவேடு. 13,000-க்கும் மேற்பட்ட ஊர்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை ஏர், எத்தனை ஆலை, எவ்வளவு புல்வெளி என்று எழுதப்பட்டது. ஒரு மாடு, ஒரு பன்றிகூடப் பதிவுக்குத் தப்பவில்லை என்று ஆங்கிலேய நாளாகமக்காரர் மனம் நொந்து எழுதினார். லிங்கனில் கோட்டை கட்ட 166 வீடுகளும் நார்விச்சில் 98 மனைகளும் போயின என்பதுகூட அதே பதிவேட்டில் உண்டு. யார்க்ஷயரில் ஊர் ஊராகப் பாழ் என்று எழுதியிருக்கிறது. பாழான நிலத்தால் வரி குறைந்தது என்பதைக் குறிக்க அந்தப் பதிவேட்டில் இடம் இருந்தது; அங்கே வாழ்ந்த குடியானவர்களின் பெயருக்கு இடம் இல்லை. கணக்குத் தெரியாது என்று சொன்னவனுக்குச் சலுகை கொடுத்த விதியின் ஆழமான குறை எனக்கு இங்கேதான் புரிந்தது. கணக்குத் தெரியாமல் போவது ஒரு விபத்து அல்ல. எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்பது அதிகாரத்தில் இருப்பவனின் தேர்வு.

பாழாக்கப்பட்ட அந்த நிலத்தில்தான் டர்ஹாம் பேராலயம் நிற்கிறது. வில்லியம் இறந்து ஆறாண்டுகள் கழித்து, 1093 ஆகஸ்ட் 11 அன்று, அவன் நியமித்த ஆயர் செயின்ட் கலே வில்லியம் வேலையைத் தொடங்கினார். நாற்பதே ஆண்டுகளில், 1133-இல், கட்டி முடித்துவிட்டார்கள். வேர் ஆற்றின் வளைவுக்குள் உயர்ந்த பாறைமேல் கோயில். எதிரே, வில்லியமின் ஆணையால் 1072-இல் எழுந்த கோட்டை. உள்ளே நுழைந்தால் நடுக்கூடத்தின் உருண்டைத் தூண்கள். ஒவ்வொன்றும் சுற்றளவு 6.6 மீட்டர், உயரமும் 6.6 மீட்டர். ஒன்றில் கோணல்மாணல் கோடுகள், ஒன்றில் சாய்சதுரங்கள், ஒன்றில் நெட்டுக்குத்தான பள்ளங்கள், கிழக்குப் பகுதித் தூண்களில் சுருள் சுருளாக ஏறும் கோடுகள். கல்லைத் தரையில் வைத்தே அளவு பிசகாமல் செதுக்கி, பிறகு ஏற்றி அடுக்கியிருக்கிறார்கள். ஒரு கல் அரை விரல் தவறியிருந்தாலும் கோடு முறிந்திருக்கும். மேலே விலாவெலும்பு போன்ற வளைவுகள் தாங்கும் கற்கூரை. ஒரு பேராலயம் முழுவதையும் இப்படிக் கல்லால் மூடத் துணிந்த முதல் கோயில்களில் இது ஒன்று. நடுக்கூடத்தின் குறுக்கு வளைவுகள் கூர்மையாக முடிகின்றன. பின்னால் ஐரோப்பா முழுவதும் பரவிய கோத்திக் கலையின் கூறுகள் இங்கே கூடிவருகின்றன.

இந்தக் கூரையைப் பார்த்து நான் வாயடைத்து நின்றிருக்கிறேன். கிழக்கே புனித கத்பர்ட்டின் கல்லறையிலும் மேற்கே புனித பீடின் கல்லறையிலும் முழந்தாளிட்டுச் செபித்திருக்கிறேன். அந்தச் செபம் பொய் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தக் கல்லைச் செதுக்கியவன் யாரையும் கொன்றவன் அல்லன், கூலிக்கு வந்தவன். அவன் தகப்பன் அந்தப் பஞ்சத்தில் இறந்தவனாகவும் இருக்கலாம். அந்தக் கோடுகளில் இருக்கும் பொறுமை அவனுடையது. அதை வில்லியமின் வரவில் எழுத நான் சம்மதிக்க மாட்டேன்.

அந்தக் காலத்து மனிதனை இந்தக் காலத்து நியாயத்தால் அளக்கலாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அளக்கக் கூடாது என்பதே என் கட்சியும். அவன் காலத்து நியாயத்தாலேயே அளப்போம். அசெலின் அந்தக் காலத்தவன். ஆர்டெரிக் அந்தத் தலைமுறைக்கு அடுத்தவர். பிரெஞ்சுக்காரத் தகப்பனுக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்து, பத்து வயதில் கடல் கடந்து நார்மண்டி மடத்துக்கு அனுப்பப்பட்டவர். இன்னொருவர், வூஸ்டர் ஆயர் புனித வுல்ஃப்ஸ்டன்.

நார்மானியர் ஆட்சியில் பதவியில் நீடித்த ஆங்கிலேய ஆயர்களில் கடைசியாக எஞ்சியவர் அவர். வின்செஸ்டர், செயின்ட் ஆல்பன்ஸ், ஈலி என்று நாடெங்கும் பழைய கோயில்களை இடித்துவிட்டுப் பிரம்மாண்டமாகக் கட்டிக்கொண்டிருந்த காலம். 1084-இல் வூஸ்டரிலும் புதுக் கோயில் வேலை தொடங்கியது. சில ஆண்டுகளில் புதுக் கோயில் பயன்பாட்டுக்கு வந்ததும், முன்னாள் ஆயரான புனித ஆஸ்வால்ட் கட்டிய பழைய கோயிலின் கூரையைப் பிரிக்கத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து வுல்ஃப்ஸ்டன் அழுதார். பக்கத்தில் இருந்தவர், இது மகிழ வேண்டிய நேரம் அல்லவா என்றார். நமக்குப் புகழ் தேடிப் புனிதர்களின் வேலையை அழிக்கிறோம், அவர்களுக்கு ஆடம்பரமாகக் கட்டத் தெரியாது, எந்தக் கூரையின் கீழும் தங்களையே ஆண்டவருக்குப் பலியாக்கத் தெரிந்தது, நாமோ ஆன்மாக்களைக் கவனிக்காமல் கற்களைக் குவிக்கிறோம் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார் என்று மாம்ஸ்பரி வில்லியம் என்ற துறவி எழுதுகிறார். அழுதவரே கட்டியும் முடித்தார். வூஸ்டர் பேராலயத்தின் நிலவறை அவர் காலத்தது. வரிசை வரிசையாக மெல்லிய தூண்கள், தாழ்ந்த வளைவுகள். கட்டுவது பாவம் என்று அவர் சொல்லவில்லை. கட்டியதை வைத்துத் தன்னை நல்லவன் என்று நம்பிவிடாதே என்றார். அந்த எச்சரிக்கையோடு கட்டப்பட்ட கோயிலில் முழந்தாளிட எனக்குத் தயக்கம் இல்லை.

ஹேஸ்டிங்ஸ் வெற்றியைச் சித்திரிக்கும், பாயோ நகரத்தின் நீண்ட தையல் சித்திரத்தையும் சொல்ல வேண்டும். வில்லியமின் தம்பியும் பாயோ ஆயருமான ஓடோ செய்யச் சொன்னது என்றும், இங்கிலாந்தில் ஆங்கிலக் கைகள் தைத்தது என்றும் பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். 68 மீட்டருக்கு மேல் நீளும் லினன் துணி, கம்பளி நூல். வெற்றியைக் கொண்டாட வந்த அந்தத் துணியில், எரியும் வீட்டிலிருந்து ஒரு தாய் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறாள். போர்க் காட்சியின் கீழ் விளிம்பில் செத்தவர்களின் கவசத்தை உருவுகிறார்கள். உடல்கள் நிர்வாணமாகக் கிடக்கின்றன. ஊசி பிடித்தவள் மேலே மன்னர்களையும் குதிரைகளையும் தைத்தாள். கீழே கணக்கில் வராதவர்களைத் தைத்தாள். கலையால் இரத்தக்கடனைத் தீர்க்க முடியாது. கடன் இருக்கிறது என்று சாட்சி சொல்ல முடியும். வெற்றிபெற்றவன் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன கலைக்குள்ளும் அந்தச் சாட்சி புகுந்துவிடுகிறது.

1944 கோடையில் கான் நகரின் பெரும்பகுதி குண்டுவீச்சில் நொறுங்கியபோது, ஆயிரக்கணக்கான மக்கள் புனித முடியப்பர் கோயிலிலும் அதை ஒட்டிய மடத்துக் கட்டடங்களிலும் வாரக்கணக்கில் தஞ்சம் புகுந்து உயிர்பிழைத்தார்கள். கோயில் தப்பியது. அதன் பீடத்துக்கு முன் வில்லியமின் கல்லறை இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டு மதக் கலகத்தில் சூறையாடப்பட்டு, ஒரு தொடை எலும்பு மட்டும் எஞ்சிய கல்லறை. அதைச் சுற்றி வீடிழந்தவர்கள் படுத்திருந்தார்கள். அசெலினின் தகப்பனிடமிருந்து பறித்த மனை வீடற்றவர்களுக்கு வீடாயிற்று. இதை ஆண்டவரின் கருணை என்று நான் நம்புகிறேன். ஆனால் இந்தக் கருணையின் பலனை வில்லியமின் கணக்கில் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் மறுப்பேன். தீமையிலிருந்து ஆண்டவர் நன்மையை எடுப்பார் என்பது விசுவாசம். அந்த நன்மையைக் காட்டித் தீமை செய்தவனை விடுவிப்பது விசுவாசம் ஆகாது. ஆண்டவர் செய்த வேலைக்கு அவன் கூலி வாங்குவதாகும்.

சாகும் தறுவாயில் வில்லியம் கொஞ்சம் திருந்தியிருக்க வேண்டும். சிறையில் பல ஆண்டுகள் வைத்திருந்தவர்களை விடுவிக்கச் சொன்னான். கடைசிப் போரில் தான் கொளுத்திய மான்ட் நகரத்துக் குருக்களுக்குப் பணம் அனுப்பினான். எரிந்த கோயில்களைத் திரும்பக் கட்ட. எரிந்த வீடுகளுக்கு அனுப்பியதாகச் செய்தி இல்லை. கடைசி மணியிலும் அவனுக்குத் தெரிந்த பரிகாரம் அதுவாகவே இருந்தது, அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். சக்கேயு என்ற வரிவசூலிப்பவர் இயேசுவை வீட்டுக்கு அழைத்த அன்று, தாம் ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். தொழுகைக்கூடம் கட்டித் தருகிறேன் என்று சொல்லவில்லை. அன்றைக்கே அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது.

நவம்பர் மாதம் இறந்த விசுவாசிகளுக்காகச் செபிக்கும்போது வில்லியமையும் சேர்த்துக்கொள்கிறேன். ஆண்டவர் அவனை மன்னித்திருப்பார் என்று நம்ப எனக்கு உரிமை உண்டு. கிறிஸ்தவன் அப்படித்தான் நம்ப வேண்டும். அவன் கட்டிய கற்களை அந்த மன்னிப்புக்கு ரசீதாகக் காட்ட எனக்கோ, வழிகாட்டிப் புத்தகங்களுக்கோ, அவனுக்கு அபராதம் விதித்த ஆயர்களுக்கோ உரிமை இல்லை. யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவருக்குக் கொடுத்தால்தான் கடன் தீரும். அவர் இறந்துவிட்டால் அவர் பிள்ளைகளுக்கு. பிள்ளைகளும் இல்லை என்றால், அவர் இருந்தார், இன்ன இடத்தில் இன்னாரால் அழிந்தார் என்ற உண்மையையாவது மறைக்காமல் சொல்ல வேண்டும். அதைச் செய்த பிறகு எவ்வளவு உயரமான கோயிலை வேண்டுமானாலும் கட்டட்டும்; அதில் நான் மனம் நிறைந்து முழந்தாளிடுவேன்.